டிஸ்க் வாங்கும் முன் தேதியைப் பாருங்கள்

சென்ற இதழில், 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியைத் திறந்து, துடைத்து, மறுபடி ஓட வைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: "இதில் ஹார்ட் டிஸ்க் போட முடியுமா?" முடியும். நானே இருபதுக்கும் மேற்பட்ட மிஷின்களில் போட்டிருக்கிறேன். ஆனால் போடுகிற வரிசை பலருக்கும் தலைகீழாக இருக்கிறது. முதலில் டிஸ்க்கைத் தேடி வாங்கிவிட்டு, பிறகுதான் மிஷினைப் பார்க்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: மேடம், என்னிடம் இருப்பது 1982-ஆம் ஆண்டு ஐபிஎம் பிசி. இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள். 20 எம்பி சீகேட் எஸ்டி-225 டிஸ்க்கும், வெஸ்டர்ன் டிஜிட்டல் கன்ட்ரோலர் கார்டும் கிடைத்தன. பி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தினேன். சுழலும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஃபிளாப்பியிலிருந்து டாஸ் 3.3 இயங்குதளம் ஏறுகிறது. ஆனால் டிஸ்க் இருப்பதாகவே மிஷினுக்குத் தெரியவில்லை. மிஷினைப் போடும்போது எந்தப் பிழை எண்ணும் வருவதில்லை. கார்டு கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கார்டு நல்ல கார்டாகத்தான் இருக்கும். பிழை எண் எதுவும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. டிஸ்க்கிலோ கேபிளிலோ கோளாறு என்றால், கார்டு தன் சோதனையை நடத்திவிட்டு 1701 என்ற எண்ணைத் திரையில் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால், கார்டுக்கு வாய் திறக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பொருள்.

1981-இல் இந்த மிஷினை வடிவமைத்தவர்கள் அதற்குக் கொடுத்தவை கேசட் டேப்பும் ஃபிளாப்பியும் மட்டுமே. மிஷின் எழும்போது முதலில் ஓடும் நிரல் மதர்போர்டில் பயாஸ் என்ற சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்புக்கு ஹார்ட் டிஸ்க் என்றால் என்னவென்றே தெரியாது. அதை ஓட்டும் நிரல் முழுவதும் கன்ட்ரோலர் கார்டிலேயே ஒரு ரோம் சிப்பில் இருக்கிறது. மிஷின் எழுந்ததும் பயாஸ் சி8000 என்ற முகவரியிலிருந்து 2 கேபிக்கு ஒரு முறை நின்று, அங்கே 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த ரோமைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் கார்டு ஃபிளாப்பி வேலையை, டிஸ்க் வேலைக்கு நிரல்கள் கூப்பிடும் எண்ணான 13 என்ற இன்டரப்ட்டிலிருந்து 40-க்குத் தள்ளிவிட்டு, 13-ஐத் தான் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் டாஸுக்கு சி என்றொரு டிரைவ் கிடைக்கும்.

இந்தத் தேடும் பழக்கம் முதல் இரண்டு பயாஸ்களில் இல்லை. ஐபிஎம் பிசிக்கு மூன்று பயாஸ்கள் வந்தன. அவற்றின் தேதிகளை அமெரிக்க முறைப்படி, மாதத்தை முன்னால் வைத்துச் சொல்கிறேன்: 04/24/81, 10/19/81, 10/27/82. மூன்றாவதுதான் தேடும். பிசிக்கு அடுத்து ஐபிஎம் விட்ட எக்ஸ்டி மாடல் 10 எம்பி டிஸ்க்கோடு வெளிவந்தது 1983 மார்ச் 8-இல். அதற்கு நான்கு மாதம் முன்பே பழைய பிசிக்கும் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

உங்கள் மிஷினில் எது இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டாம். டாஸ் ஃபிளாப்பியில் டீபக் நிரல் இருக்கும். அதை ஓட்டுங்கள். சிறு கோடு ஒன்று வந்து காத்திருக்கும். டி என்ற எழுத்தைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, எஃப்000:எஃப்எஃப்எஃப்5 என்று தட்டுங்கள். திரையின் வலப்பக்கம் தேதி அப்படியே எழுத்தில் வந்து நிற்கும். வெளியே வர க்யூ.

நான் இதைக் கற்றுக்கொண்டது மூன்று இரவுகளை இழந்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். டிஸ்க்கை மாற்றினேன், இரண்டு கேபிளையும் மாற்றினேன், கார்டை ஐந்து ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் காலையில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்தார். நான் கழற்றி வைத்திருந்த எதையும் தொடாமல் கீபோர்டை மட்டும் தன் பக்கம் இழுத்து அந்த ஒரு வரியைத் தட்டினார். 10/19/81. "இது கூப்பிடாதும்மா. கூப்பிடாட்டி அது எப்படி வரும்?" என்றார். அன்றிலிருந்து எந்தப் பழைய பிசியைத் தொட்டாலும் எனக்கு முதல் வேலை அந்தத் தேதிதான்.

தேதி பழையது என்றால் பயாஸ் சிப்பை மாற்ற வேண்டும். மதர்போர்டில் யு29 முதல் யு33 வரை வரிசையாக ஐந்து ரோம்கள் உட்கார்ந்திருக்கும். முதல் நான்கும் பேசிக் மொழி, அவற்றைத் தொட வேண்டாம். யு33-தான் பயாஸ். 8 கேபி, 24 கால்கள். இங்கே ஒரு சங்கடம் உண்டு. எளிதாகக் கிடைக்கும் 2764 என்ற ஈப்ராமுக்கு (நாமே நிரல் எழுதிக்கொள்ளும் ரோம் சிப்) 28 கால்கள். அது நேரே உட்காராது, நடுவில் சிறு அடாப்டர் பலகை வேண்டும். மோட்டரோலாவின் எம்சிஎம்68766 கிடைத்தால் அடாப்டர் இல்லாமலே பொருந்தும், ஆனால் அதில் எழுதக்கூடிய ஈப்ராம் புரோகிராமர்கள் குறைவு. எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். சிப்பின் ஒரு முனையில் இருக்கும் பிறைக் குழிவு, பக்கத்துச் சிப்புகளின் குழிவு எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் இருக்கட்டும். திருப்பிப் போட்டுப் பவர் கொடுத்தால் சிப் போய்விடும். கழற்றிய பழைய சிப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது மிஷினோடு பிறந்தது.

சிப்பை மாற்றினால் இன்னொரு நன்மையும் சேர்ந்தே வரும். பழைய இரண்டு பயாஸ்களும் 544 கேபிக்கு மேல் நினைவகத்தை ஏற்காது. மூன்றாவது 640 கேபி வரை போகும்.

கேள்வி: பவர் சப்ளையை மாற்றாமல் ஓட்ட முடியாதா? ஒரிஜினல் பாகங்களையே வைத்திருக்க ஆசைப்படுகிறேன்.

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஐபிஎம் பிசியின் சப்ளை மொத்தமே 63.5 வாட். 5 வோல்ட்டில் 7 ஆம்பியர், 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், மிச்சம் கொசுறு. டிஸ்க்கின் மோட்டார் ஓடுவது அந்த 12 வோல்ட்டில். நின்றிருக்கும் தட்டுகளை நிமிடத்துக்கு 3600 சுற்று வேகத்துக்குக் கொண்டுவரும் முதல் சில நொடிகளில், ஓடும்போது கேட்பதைவிட அதிகக் கரன்ட் கேட்கும். ஃபிளாப்பி மோட்டாருக்கும் அதே 12 வோல்ட்தான். எக்ஸ்டியில் 130 வாட் சப்ளை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

முழு உயரத்து எஸ்டி-412 போன்ற 10 எம்பி டிஸ்க்கை 63.5 வாட்டில் மாட்டவே மாட்டாதீர்கள். அரை உயரத்து எஸ்டி-225 சில மிஷின்களில் ஓடும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் "ஓடுகிறது" என்பதும் "எழுதும்போது மின்னழுத்தம் சரியாமல் இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. சரிந்தால் எழுதும் டேட்டா தவறாகப் போய்ச் சேரும், அது உங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும். எக்ஸ்டிக்கான 130 வாட் சப்ளை அதே பெட்டியில் உட்காரும். பழையதை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த மதர்போர்டில் டான்டலம் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆகியிருக்கலாம். 12 வோல்ட் வழியில் ஒன்று ஷார்ட் ஆனால் சப்ளை எழவே எழாது. டிஸ்க்கை மாட்டிய அன்று இது நடந்தால் பழி முழுவதும் டிஸ்க் மேல் விழும். அதனால் டிஸ்க் இல்லாமல் இரண்டு நாள் மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். அகலமான ரிப்பன் கேபிள் இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டிலும் 34 வயர், இரண்டிலும் நடுவில் ஒரு முறுக்கு. எது ஹார்ட் டிஸ்க்குக்கு, எது ஃபிளாப்பிக்கு?

பதில்: முறுக்கு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள் தம்பி. சிவப்புக் கோடு போட்ட ஓர வயர் ஒன்று. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால், 10 முதல் 16 வரை ஏழு வயர்கள் முறுகியிருந்தால் அது ஃபிளாப்பி கேபிள். 25 முதல் 29 வரை ஐந்து வயர்கள் முறுகியிருந்தால் ஹார்ட் டிஸ்க் கேபிள். முறுக்கு சிவப்பு ஓரத்துக்குக் கிட்டே என்றால் ஃபிளாப்பி, எட்ட இருந்தால் ஹார்ட் டிஸ்க் என்று பார்வையிலேயே சொல்லிவிடலாம். கண்டுபிடித்ததும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்த 34 வயர் கேபிள் கட்டளைகளுக்கு மட்டும். டேட்டா போவது 20 வயர் உள்ள குறுகலான தனிக் கேபிளில். இரண்டு டிஸ்க் போட்டால் அகலக் கேபிள் ஒன்றையே இரண்டும் பகிர்ந்துகொள்ளும், குறுகல் கேபிள் ஆளுக்கொன்று. முறுக்குள்ள கேபிளில் இரண்டு டிஸ்க்கிலும் டிரைவ் செலக்ட் ஜம்பரை (எத்தனையாவது டிரைவ் என்று குறிக்கும் சிறு செருகியை) இரண்டாவது இடத்திலேயே வைக்க வேண்டும். யார் முதல், யார் இரண்டாவது என்பதை முறுக்கு பார்த்துக்கொள்ளும். சில கம்பெனிகள் இடங்களை 0-இலிருந்து எண்ணும், சில 1-இலிருந்து. ஆகவே அச்சிட்ட எண்ணை நம்பாமல் இடத்தை எண்ணுங்கள். கேபிளின் கடைசி முனையில் இருக்கும் டிஸ்க்கில் மட்டும் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் இருக்கட்டும்.

கேள்வி: டாஸ் 2.0 போதுமா, 3.3 வேண்டுமா?

பதில்: 1.0, 1.1 இரண்டும் ஆகாது. ஹார்ட் டிஸ்க்கும், கோப்புகளைப் பிரித்து வைக்கும் டைரக்டரிகளும் 2.0-இல்தான் வந்தன. 10 எம்பிக்கு 2.0 போதும். 20 எம்பிக்கு நான் 3.3-ஐத்தான் போடுவேன். ஒரு பார்ட்டிஷன் 32 எம்பியைத் தாண்ட முடியாது என்ற எல்லை 3.3 வரைக்கும் இருந்தது. உங்கள் டிஸ்க் அதற்குள் அடங்குவதால் கவலை இல்லை.

கேள்வி: லோ-லெவல் ஃபார்மேட் (தட்டில் செக்டர்களை வகுத்து எழுதும் முதல் ஃபார்மேட்) செய்யும்போது இன்டர்லீவ் எவ்வளவு என்று கேட்கிறது. எக்ஸ்டியின் வழக்கம் 6 என்று ஒரு நண்பர் சொல்கிறார், இன்னொருவர் 3 என்கிறார். எண் சிறியதாக இருந்தால் வேகம் கூடும் என்று படித்ததால் 2 கொடுத்தேன். டிஸ்க் ஆமையாக நகர்கிறது. ஏன்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். அவ்வளவு பிடித்த விஷயம் இது.

உங்கள் டிஸ்க்கில் ஒரு ட்ராக்கில், அதாவது தட்டின் மேல் ஒரு வட்டத்தில், 17 செக்டர் துண்டுகள், ஒவ்வொன்றும் 512 பைட். நிமிடத்துக்கு 3600 சுற்று என்றால் நொடிக்கு 60. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. ஒரு செக்டர் ஹெட்டைக் கடந்து போக ஒரு மில்லி நொடிகூட ஆகாது. கார்டு முதல் செக்டரைப் படித்து, அதை மிஷினின் நினைவகத்துக்குக் கொடுத்து, அடுத்ததைக் கேட்கும் கட்டளை வருவதற்குள் இரண்டாவது செக்டர் தாண்டிப் போயிருக்கும். 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8088-ஐ இதற்காகக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் கைக்கெட்டிய வேகம் அது.

அதனால் செக்டர்களுக்கு அடுத்தடுத்து எண் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள். இன்டர்லீவ் 3 என்றால் தட்டின் மேல் எண்கள் இப்படி வரும்: 1, 7, 13, 2, 8, 14, 3, 9, 15, 4, 10, 16, 5, 11, 17, 6, 12. ஒன்றைப் படித்துவிட்டு மூச்சு வாங்கும் நேரத்தில் 7-ம் 13-ம் கடந்து போகும், சரியாக 2 வந்து நிற்கும். மூன்று சுற்றில் ட்ராக் முழுவதும் படித்தாகிவிடும். 50 மில்லி நொடியில் 8704 பைட், அதாவது நொடிக்குச் சுமார் 170 கேபி. இன்டர்லீவ் 6 என்றால் ஆறு சுற்று, வேகம் அதில் பாதி.

நீங்கள் 2 கொடுத்தீர்கள். உங்கள் கார்டும் மிஷினும் சேர்ந்து அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒன்றைப் படித்து முடித்துத் திரும்பும்போது இரண்டு அப்போதுதான் கடந்து போயிருக்கும். மயிரிழையில் தவறவிட்டாலும், அது மறுபடி வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செக்டருக்கும் இதே கதை. கணக்குப் போட்டால் ஒரு ட்ராக்குக்கு 19 சுற்று, 0.3 நொடிக்கு மேல். நொடிக்கு 27 கேபி! 6 கொடுத்திருந்தால்கூட இதைப் போல மூன்று மடங்கு வேகம் கிடைத்திருக்கும்.

ஆகவே நண்பர்கள் இருவர் சொன்னதும் அவரவர் கார்டுக்குச் சரி. ஐபிஎம் தன் எக்ஸ்டியில் வைத்த ஜீபெக் கார்டுக்கு வழக்கம் 6. பின்னால் வந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டுகளில் பல 3-க்கு ஈடுகொடுக்கும். உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, 3 கொடுத்து ஃபார்மேட் செய்து ஒரு பெரிய கோப்பை நகல் எடுத்துக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பது. பிறகு 4 கொடுத்து அதையே செய்வது. 4-இல் நேரம் சட்டென்று குறைந்தால் 3 உங்களுக்கு எட்டாதது என்று அர்த்தம்.

ஃபார்மேட் நிரல் கார்டின் ரோமிலேயே இருக்கிறது. டீபக்கில் ஜி, சமக்குறி, சி800:5 என்று தட்டினால் பெரும்பாலான கார்டுகளில் எழுந்து வரும். ஏன் 5 என்று ஒரு மாணவி முன்பு கேட்டிருந்தார். ரோமின் முதல் இரண்டு பைட் 55, ஏஏ. மூன்றாவது பைட் ரோமின் அளவு. அடுத்த இரண்டு பைட்டுகள், மிஷின் எழும்போது கார்டைத் தொடங்கி வைக்கும் நிரலுக்குத் தாவச் சொல்லும் கட்டளை. 0-இலிருந்து எண்ணினால் அதற்கு அடுத்த இடம் 5, அங்கிருப்பது ஃபார்மேட்டுக்குத் தாவும் கட்டளை.

தட்டும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். டிஸ்க்கை அரை மணி நேரம் சும்மா சுழல விடுங்கள். எஸ்டி-225-இல் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். ட்ராக் இருக்கும் இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை, எண்ணிய படிகளை நம்பி நகரும். குளிர்ந்திருக்கும்போது ஃபார்மேட் செய்தால், சூடேறி உலோகம் விரிந்ததும் ஹெட் ட்ராக்கை விட்டு விலகி நிற்கும். டிஸ்க் கடைசியில் எந்த வாக்கில் இருக்கப் போகிறதோ, படுக்கையாகவோ பக்கவாட்டிலோ, அதே வாக்கில் வைத்து ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்தது, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் பழுதுப் பட்டியல். சிலிண்டர் எண், ஹெட் எண் என்று தொழிற்சாலையில் எழுதியது. ஃபார்மேட் நிரல் கேட்கும்போது சோம்பல்படாமல் அவ்வளவையும் கொடுங்கள். தொழிற்சாலையின் கருவி கண்டுபிடித்த பழுதை உங்கள் கார்டு கண்டுபிடிக்காமல் போகலாம், ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் உங்கள் கோப்பு உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: பழைய பிசியில் பிற்கால ஐடிஇ டிஸ்க்கை மாட்ட உதவும் எக்ஸ்டி-ஐடிஇ கார்டு போட்டு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைச் சொருகினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையாமே? அப்படிச் செய்வது சரியா?

பதில்: சரிதான், தயங்காமல் செய்யுங்கள். சுழலும் தட்டு இல்லை, பவர் சப்ளையை மாற்ற வேண்டாம், ஸ்லாட் ஒன்றே போதும். ஐந்து ஸ்லாட் மட்டும் உள்ள மிஷினில் இந்தக் கடைசி விஷயம் பெரிது. 1985-இல் பிளஸ் டெவலப்மென்ட் கம்பெனி ஒரு அங்குலத் தடிமனில் கார்டு மேலேயே 10 எம்பி டிஸ்க்கை வைத்து ஹார்ட்கார்டு என்று விற்றதும் இதே இட நெருக்கடியைப் பார்த்துத்தான். எனவே இது பழைய மிஷினுக்குச் செய்யும் துரோகம் ஒன்றுமில்லை.

ஆனால் இதற்கும் பயாஸ் தேதி 10/27/82 ஆக இருக்க வேண்டும். அந்தக் கார்டின் ரோமையும் யாராவது கூப்பிட வேண்டுமே! அதில் ஏற்றும் யுனிவர்சல் பயாஸ் 8088-க்குத் தனியாகவும், வி20 (8088-க்குப் பதிலாகப் போடும் சிப்) மற்றும் அதற்கு மேற்பட்ட சிப்களுக்குத் தனியாகவும் கிடைக்கிறது. மாற்றி ஏற்றினால் 8088 அப்படியே நின்றுவிடும். 32 எம்பிக்கு மேல் ஒரே பார்ட்டிஷனாக வேண்டுமென்றால் டாஸ் 5 போடுங்கள்.

எனக்குச் சுழலும் டிஸ்க் பிடிக்கும். மிஷினைப் போட்டதும் மெல்லிய விசில் ஏறி ஏறி ஒரு சுருதியில் நிற்பதும், பிறகு ஹெட் பூச்சியம் ட்ராக்கைத் தேடிக் கிரீச்சென்று ஓடி வருவதும் கேட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குக் காதாலேயே தெரியும். ஆனால் தினமும் வேலை செய்யும் மிஷினில் நான் போட்டிருப்பது ஃபிளாஷ் அட்டைதான்.

கேள்வி: தினமும் அணைக்கும் முன் பார்க் நிரலை ஓட்ட வேண்டுமா?

பதில்: எஸ்டி-225-க்கு ஆம். மின்சாரம் நின்றதும் தானாக ஹெட்டை ஒதுக்கும் டிஸ்க் அல்ல அது. ஹெட் டேட்டாவின் மேலேயே இறங்கும். மிஷினை மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்துவதாக இருந்தாலும் ஓட்டிவிட்டு நகர்த்துங்கள்.

கேள்வி: அம்மா, இது என் அப்பா பயன்படுத்திய பிசி. 20 எம்பி டிஸ்க்கும் கார்டும் உள்ளே ஏற்கெனவே இருந்தன. கார்டின் கால்கள் பச்சை பூத்திருந்ததால் அதைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனிக் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டேன். டிஸ்க் சுழல்கிறது, ஆனால் சி டிரைவைப் படிக்க முடியவில்லை என்கிறது. டிஸ்க் காலியாகிவிட்டது, லோ-லெவல் ஃபார்மேட் செய்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்று தெரிந்தவர் சொல்கிறார். அப்பா எழுதிய கடிதங்கள் அதில் இருக்கும் என்று அம்மா நினைக்கிறார். ஃபார்மேட் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் பதில் போட்டுவிட்டேன். இங்கே எழுதுவது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

டிஸ்க் காலியாகவில்லை. இந்தக் காலத்து டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் படிக்கலாம், ஏனென்றால் கன்ட்ரோலர் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் டிஸ்க் அப்படி இல்லை. அதற்குத் தெரிந்தது ஹெட்டை நகர்த்துவதும், காந்தத் துடிப்பை வயரில் அனுப்புவதும் மட்டுமே. எங்கே செக்டர் தொடங்குகிறது, அதன் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது, பிழையை எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் கார்டின் பொறுப்பு. ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு விதமாக எழுதியது. ஒரு கார்டு எழுதியதை வேறு கம்பெனியின் கார்டு படிப்பது அரிது. அப்பாவின் டிஸ்க்கில் எல்லாம் எழுதினபடியே இருக்கக்கூடும். புதிய கார்டுக்கு அந்தக் கையெழுத்துப் புரியவில்லை.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பிழைதிருத்துநர் ஒருவர், நான்கு வருடமாகச் சேர்த்த சொற்பட்டியலோடு ஒரு மிஷினைக் கொண்டு வந்தார். கார்டு போய்விட்டது. கையிலிருந்த வேறு கார்டைப் போட்டேன், டிஸ்க் படிக்கவில்லை. டிஸ்க்கும் சேர்ந்தே போய்விட்டது என்று முடிவு கட்டி, சி800:5 தட்டி, ஃபார்மேட் செய்து, டாஸ் ஏற்றி, பளிச்சென்று துடைத்து வைத்தேன். மறுநாள் அவர் வந்து, "என் பட்டியல் எந்தப் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார். அடுத்த வாரம் கார்டின் கையேட்டைப் படித்தபோதுதான் நான் அழித்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. புதிய நோட்டு ஒன்றில் அ-விலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்று சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. யாராவது "ஃபார்மேட் செய்யலாமா" என்று கேட்டால் எனக்கு அந்த நோட்டுதான் கண்ணில் வருகிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: புதிய கார்டைக் கழற்றுங்கள். பழைய கார்டைத் தூக்கிப் போட்டிருந்தால் உடனே போய்த் தேடி எடுங்கள். அதன் ஜம்பர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், எதையும் நகர்த்தாதீர்கள். எந்த மாதிரி டிஸ்க் மாட்டியிருக்கிறது என்று கார்டுக்குச் சொல்வது பல கார்டுகளில் அந்த ஜம்பர்கள்தான். ஸ்லாட்டில் இறங்கும் பொன்னிற விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பச்சை பூத்த கால்களை மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் அதே ஆல்கஹாலைத் தொட்டுத் தேயுங்கள். ஒரு நாள் காய விடுங்கள்.

பிறகு பழைய கார்டைப் போட்டு, டாஸ் ஃபிளாப்பியிலிருந்து மிஷினை எழுப்புங்கள். முதல் தடவை 1701 வந்தால் பயப்பட வேண்டாம். நாள்பட்ட டிஸ்க் வேகம் பிடிக்கத் தாமதமாகும், கார்டு அதற்குள் பொறுமை இழந்துவிடும். அரை மணி நேரம் சுழல விட்டு, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சி டிரைவ் வந்தால் ஒன்றையும் அதில் எழுதாதீர்கள். சரிசெய்யும் நிரல் எதையும் ஓட்டாதீர்கள். கடிதங்கள் இருக்கும் டைரக்டரியை முதலில் ஃபிளாப்பிக்கு நகல் எடுங்கள், நிரல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்டி-ஐடிஇ கார்டு வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் போட்டு நேராக ஃபிளாஷ் அட்டைக்கு எடுக்கலாம். பழைய கார்டு 320 என்ற போர்ட் முகவரியிலும் சி800-இலும் இருக்கும், அதனால் புதியதை 300-இலும் டி000-இலும் வையுங்கள், மோதாது.

பழைய கார்டு உண்மையிலேயே செத்துப்போயிருந்தால், அதே கம்பெனி, அதே மாடல் கார்டைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் எம்எஃப்எம் எமுலேட்டர் என்றொரு பலகை இருக்கிறது. டிஸ்க்கின் துடிப்புகளை அப்படியே படித்துச் சேமித்து, எந்தக் கம்பெனியின் முறை என்று பிறகு பிரித்தறியும். அதை வைத்திருப்பவர்களிடம் போக நேர்ந்தால் டிஸ்க்கை நுரைப் பஞ்சுக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் அம்மாவிடம் கேட்டு, அப்பா கடிதங்களை எந்த நிரலில் எழுதினார், கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மிஷினின் மேல் "ஃபார்மேட் செய்யாதே" என்று பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். டைரக்டரி திரையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், என்னிடம் பழைய கார்டுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன.